ஒரிஜினல் போனபின் பிரிவியூவைத் தேடுவது

போன அத்தியாயத்தில் சொன்ன இடங்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். ரீசைக்கிள் பின்னில் இல்லை. கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில், பேக்கப் ஆன படங்கள் 60 நாளும் ஆகாதவை 30 நாளும் கிடக்கும், அங்கேயும் இல்லை. ஐபோனின் 'சமீபத்தில் நீக்கியவை' ஆல்பமும் காலி. ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்திருந்தால் இந்தப் புத்தகத்தையே பிரித்திருக்க மாட்டீர்கள். இனி தேடப்போவது ஒரிஜினலை இல்லை. அந்தப் படத்தை ஒருகாலத்தில் உங்களுக்குக் காட்டுவதற்காக ஏதோ ஒரு மென்பொருள் தன் வசதிக்குப் போட்டு வைத்துக்கொண்ட சின்ன நகலை.

24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா ஃபைல் 25, 30 எம்பி இருக்கும். ஃபோல்டரைத் திறந்ததும் அப்படி ஆயிரம் ஃபைல்களை முழுசாகப் படித்துத் திரையில் வைக்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் நேரம் ஆகும். அதனால் முதல் தடவை படத்தைத் திறக்கும்போதே சின்னதாக ஒரு ஜேபெக் செய்து, தனியாக ஓர் இடத்தில் ஒளித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் பார்ப்பது அந்தச் சின்னதைத்தான். எக்ஸ்ப்ளோரரில் போய் ஒரிஜினலை டெலிட் செய்யும்போது, பிரிவியூவைச் செய்து வைத்த மென்பொருளுக்கு அந்தச் செய்தி பல நேரம் போய்ச் சேருவதில்லை. நமக்கு வழி கிடைப்பது அந்த இடைவெளியில்தான்.

டிஸ்க்கையே தோண்டி ஒரிஜினலை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் மெமரி கார்டிலும் அது நடக்கிற காரியம். இன்றைய லேப்டாப்களில் இருப்பது எஸ்எஸ்டி. ஃபைலை டெலிட் செய்ததும் இயங்குதளம் 'டிரிம்' என்ற கட்டளையை அனுப்புகிறது. இந்த இடம் இனி வேண்டாம் என்று தெரிந்ததும் எஸ்எஸ்டி அதைத் தானே துடைத்துவிடும். பெரும்பாலும் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள். ஃபோனில் நிலைமை இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 10 முதல் வரும் ஃபோன்களில் ஒவ்வொரு ஃபைலும் குறியாக்கம் செய்துதான் எழுதப்படுகிறது. சாவி போனபிறகு மிச்சமிருக்கும் பைட்டுகளை யாராலும் படிக்க முடியாது. எஸ்எஸ்டியிலும் ஃபோனிலும் பெரும்பாலும் பிரிவியூதான் மிஞ்சியிருக்கும் நம்பிக்கை.

முதலில் நகல், பிறகு தேடல்

பிரிவியூ தற்காலிகச் சரக்கு. செய்து வைத்த மென்பொருளே ஒருநாள் கூட்டித் தள்ளிவிடும். ஆகவே படம் போனது தெரிந்த நொடியிலிருந்து, துப்புரவு என்ற பெயரில் எது வந்தாலும் அனுமதிக்காதீர்கள். விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் 'தம்ப்நெயில்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அது டிக் ஆகியிருக்கும்போது ஓகே கொடுத்தால் எல்லாம் போச்சு. ஃபோனில் 'க்ளீன் மாஸ்டர்' ரக ஆப்கள் இருந்தால் திறக்கவே வேண்டாம். கேலரி ஆப்பின் செட்டிங்கில் 'க்ளியர் கேஷ்' பக்கம் கை போகவே கூடாது. இடம் போதவில்லை என்று ஃபோன் கெஞ்சினால், சினிமாவையோ கேமையோ அழியுங்கள்.

அடுத்து, பிரிவியூ இருக்கும் ஃபோல்டரை அப்படியே முழுசாக ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுங்கள். சம்பந்தப்பட்ட மென்பொருளை மூடிவிட்டு எடுக்க வேண்டும். இனி செய்யப்போகும் சோதனை எல்லாம் அந்த நகலின் மேல். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பதற்றத்தில் லைட்ரூமைத் திறந்து நாலு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

லைட்ரூம்: புதையல் அதிகம் இருக்கும் இடம்

கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், ரா ஃபைலில் எடுத்துப் பழகியவர்கள் பெரும்பாலும் அடோபி லைட்ரூம் கிளாசிக்கில்தான் கலர் செய்கிறார்கள். இவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. லைட்ரூம் போல தாராளமாகப் பிரிவியூ சேர்த்து வைக்கும் மென்பொருள் அபூர்வம்.

லைட்ரூம் படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் எங்கே இருக்கிறது, அதில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்ற கணக்கு மட்டும்தான் கேட்டலாக் ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலுக்குப் பக்கத்திலேயே, கேட்டலாக்கின் பெயரோடு 'பிரிவியூஸ்' என்ற சொல் சேர்ந்து, 'எல்ஆர்டேட்டா' என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். விண்டோஸில் சாதாரண ஃபோல்டராகத் தெரியும். மேக்கில் ஒற்றை ஃபைல் போலத் தெரியும். ரைட் கிளிக் செய்து 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' கொடுத்தால் திறக்கும். பல ஸ்டுடியோக்களில் இது 50, 100 ஜிபி வரை வளர்ந்து கிடக்கும். இடத்தை அடைக்கிறது என்று அவ்வப்போது யாராவது இதைத் தூக்கி எறிந்துவிடுவதும் உண்டு. இந்த ஃபோல்டர்தான் இப்போது நமக்கு வேண்டியது.

படம் எப்படிப் போனது என்பதைப் பொறுத்துத்தான் வாய்ப்பு. எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரையே டெலிட் செய்திருந்தால், அல்லது வெளி ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தால், லைட்ரூமுக்கு அது தெரியாது. கிரிட்டில் படம் இன்னும் இருக்கும். மூலையில் ஆச்சரியக்குறி மட்டும் விழுந்திருக்கும். இது நல்ல நிலைமை. ஆனால் லைட்ரூமுக்குள்ளேயே படத்தைத் தேர்ந்தெடுத்து 'டெலிட் ஃப்ரம் டிஸ்க்' கொடுத்திருந்தால், பிரிவியூவையும் சேர்த்தே கழிக்கப் பார்க்கும். அப்படி ஆகியிருந்தால் லைட்ரூமை உடனே மூடி, எல்ஆர்டேட்டா ஃபோல்டரை நகலெடுங்கள். ஏதாவது மிஞ்சியிருந்தால் அதைக் கையால் தோண்ட வேண்டியிருக்கும்; அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆச்சரியக்குறி விழுந்த படங்களைப் பார்த்ததும் பலர் செய்யும் காரியம், 'காணாமல்போன படங்கள்' என்று தேடி எல்லாவற்றையும் கேட்டலாக்கிலிருந்து நீக்குவது. குறி இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும் என்று. வேண்டாம். அந்தக் குறி இருக்கும்வரைதான் பிரிவியூவுக்கும் படத்தின் பெயருக்கும் உள்ள தொடர்பு இருக்கிறது.

இப்போது எவ்வளவு பெரிய பிரிவியூ இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லைட்ரூமில் மூன்று தரம் உண்டு.

ஸ்டாண்டர்டு பிரிவியூ எல்லாருக்கும் இருக்கும். அதன் நீளப்பக்கம் எத்தனை பிக்சல் என்பது கேட்டலாக் செட்டிங்ஸில் 'ஃபைல் ஹேண்ட்லிங்' பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் எண்: 1024, 1440, 2048, 2880 என்று போகும். 'ஆட்டோ' என்றால் உங்கள் மானிட்டரின் அளவுக்கு ஏற்பச் செய்திருக்கும்.

இரண்டாவது, ஒன்றுக்கு ஒன்று பிரிவியூ. இது ஒரிஜினலில் எத்தனை பிக்சலோ அத்தனையும் உள்ள ஜேபெக். 6000-க்கு 4000 படமென்றால் இதுவும் 6000-க்கு 4000. இறக்குமதி செய்யும்போது 'பில்ட் பிரிவியூஸ்' பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், அல்லது ஒவ்வொரு படமாக நூறு சதவீதம் பெரிதாக்கி மணப்பெண்ணின் கண் ஃபோகஸில் இருக்கிறதா என்று பார்த்திருந்தால், அந்தப் படங்களுக்கு இது உருவாகியிருக்கும். கவனமாகத் தேர்வு செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு, நல்ல படங்களுக்கெல்லாம் முழு அளவுப் பிரிவியூ கிடைத்துவிடுகிறது. இருக்கிறதா என்று பார்ப்பது எளிது: லைப்ரரியில் படத்தைத் திறந்து அதன்மேல் கிளிக் செய்யுங்கள். ஒரிஜினல் இல்லாமலேயே கண்ணிமை ரோமம்வரை தெளிவாகத் தெரிந்தால் முழு அளவும் இருக்கிறது. குழம்பித் தெரிந்தால் ஸ்டாண்டர்டு மட்டும்தான்.

ஒரு ஆபத்து. இந்த முழு அளவுப் பிரிவியூக்களை லைட்ரூம் காலக்கெடு வைத்து அழிக்கிறது. நீங்கள் மாற்றாவிட்டால் கெடு வழக்கமாக 30 நாள். ஆகவே செட்டிங்கில் 'நெவர்' என்று மாற்றுங்கள். மாற்றுவதற்கு லைட்ரூமைத் திறந்தாக வேண்டும். திறந்த வேகத்திலேயே கெடு முடிந்தவற்றைக் கழிக்கத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? முதலில் நகல் என்று மேலே சொன்னது இதற்குத்தான். இன்னொன்று: லைட்ரூம் மூடும்போது கேட்கிற 'பேக்கப்' கேட்டலாக்குக்கு மட்டும். அதில் பிரிவியூ சேராது. வாராவாரம் பேக்கப் எடுத்திருக்கிறேன் என்று தெம்பாக வருபவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடும்.

மூன்றாவது, ஸ்மார்ட் பிரிவியூ. 2013-ல் லைட்ரூம் 5-ல் வந்தது. நீளப்பக்கம் 2560 பிக்சல் உள்ள, சுருக்கப்பட்ட டிஎன்ஜி ஃபைல். இது தனி எல்ஆர்டேட்டா ஃபோல்டரில் இருக்கும். பெயரில் 'ஸ்மார்ட் பிரிவியூஸ்' என்றே எழுதியிருக்கும். நீங்களாகக் கேட்டு உருவாக்கியிருந்தால்தான் உண்டு. இருந்துவிட்டால் வேலை சுலபம். ஒரிஜினல் இல்லாமலேயே எக்ஸ்போர்ட் வேலை செய்யும், எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் இன்னும் திருத்தலாம், டிஎன்ஜியாகவே வெளியே எடுக்கவும் செய்யலாம். பிக்சல் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று பிரிவியூ பெரியது. திருத்த இடம் கொடுப்பதில் ஸ்மார்ட் பிரிவியூ பெரியது. இரண்டும் இருந்தால் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் பிரிவியூ இல்லாத படத்துக்கு எக்ஸ்போர்ட் கொடுத்தால் 'ஃபைலைக் காணவில்லை' என்று நிற்கும். இங்கேதான் செருகுநிரல் தேவை. லைட்ரூமுக்கு ஏராளமான செருகுநிரல்கள் எழுதிய ஜெஃப்ரி ஃப்ரீடிலின் தளத்தில், பிரிவியூவை வெளியே எடுப்பதற்கென்றே ஒன்று இருக்கிறது. நிறுவி, கிரிட்டில் வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து இயக்கினால், ஒவ்வொரு படத்துக்கும் இருப்பதிலேயே பெரிய பிரிவியூவை ஜேபெக்காக எழுதித் தரும். பழைய ஃபைல் பெயரோடு தருவதுதான் இதில் பெரிய வசதி. செருகுநிரல் எதுவும் வேண்டாம், நாலே நாலு படம்தான் என்றால், பிரின்ட் பக்கத்துக்குப் போய் 'ஜேபெக் ஃபைல்' என்று வைத்து 'டிராஃப்ட் மோட்' கட்டத்தை டிக் செய்யுங்கள். அந்த முறையில் லைட்ரூம் ஒரிஜினலைத் தேடாமல் கையிலிருக்கும் பிரிவியூவையே எடுத்து அச்சடிக்கும்.

கேட்டலாக்கும் போய்விட்டது, எல்ஆர்டேட்டா ஃபோல்டர் மட்டும்தான் மிச்சம் என்றால்? அதைத் திறந்தால் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை ஓரெழுத்துப் பெயர் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றுக்குள் நாலெழுத்து ஃபோல்டர்கள். அவற்றுக்குள் 'எல்ஆர்பிரிவ்' என்று முடியும் ஃபைல்கள், அரைப் பக்கத்துக்கு நீளும் எழுத்தும் எண்ணுமான பெயர்களோடு. இவற்றின் கடைசி எழுத்துகளை 'ஜேபிஜி' என்று மாற்றினால் திறந்துவிடும் என்று யூடியூபில் சிலர் சொல்கிறார்கள். திறக்காது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள், காரணம் தெரியும்: ஃபைல் 'ஏஜிஎச்ஜி' என்ற நாலு ஆங்கில எழுத்தோடு தொடங்கும். அதன்பின் அகலம், உயரம் முதலிய விவரங்கள் சாதாரண எழுத்தில் இருக்கும். அதற்கும் பிறகுதான் ஜேபெக்குகள் வரும், ஒன்றல்ல, வரிசையாகப் பல. 6000 பிக்சல், அதில் பாதி 3000, அதில் பாதி 1500 என்று ஒரே படம் பல அளவுகளில். ஒவ்வொரு ஜேபெக்கும் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' என்ற பைட்டுகளோடு தொடங்கி 'எஃப்எஃப் டி9' என்று முடியும். இருப்பதிலேயே நீளமான துண்டை வெட்டி எடுத்துத் தனி ஃபைலாகச் சேமித்தால் அதுதான் உங்கள் படம். ஆயிரக்கணக்கில் இருந்தால் கையால் முடியாது. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரிப் பையன் யாராவது பக்கத்தில் இருந்தால், பைத்தானில் இருபது வரியில் முடிகிற வேலை.

வெளியே எடுத்த படத்தில் சில விஷயங்களைக் கவனிப்பீர்கள். நீங்கள் செய்த கலர் திருத்தம் அதில் அப்படியே இருக்கும். கிராப் செய்திருந்தால் வெட்டிய ஓரம் திரும்பாது. நிறம் சற்று வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். லைப்ரரிப் பிரிவியூக்களை லைட்ரூம் அடோபி ஆர்ஜிபி வண்ணவெளியில் வைக்கிறது. ஃபோட்டோஷாப்பில் திறந்து 'அசைன் புரொஃபைல்' வழியாக அடோபி ஆர்ஜிபி என்று சொல்லி, பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்தால் மாலையின் சிவப்பும் பட்டின் பச்சையும் பழையபடி வந்துவிடும்.

கல்யாண வேலைக்காரர்களுக்கு இன்னொரு யோசனை. ஆல்பம் டிசைன் ஆகிவிட்டதா? டிசைனரிடம் பிஎஸ்டி ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். 12-க்கு 36 கரிஷ்மா ஷீட்டில் பெரிதாக வைத்த படம், அந்த லேயருக்குள் கிட்டத்தட்ட முழு அளவில் உட்கார்ந்திருக்கும். பிரிவியூவைத் தோண்ட ஒருநாள் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு ஃபோன் கால் மேல்.

ஃபோனில்

ஃபோனில் முதலில் பார்க்க வேண்டியது பிரிவியூவையே அல்ல. ஆண்ட்ராய்டு 11 முதல், பல கேலரி ஆப்களில் டெலிட் செய்த படம் அதே ஃபோல்டரிலேயே வேறு பெயரில் ஒளிந்திருக்கும். புள்ளியில் தொடங்கி 'டிராஷ்டு' என்று ஒரு சொல், பிறகு ஒரு நீண்ட எண், பிறகு பழைய பெயர். மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி ஃபைல் மேனேஜரில் அமைத்துவிட்டு, கேமரா ஃபோல்டரில் பாருங்கள். இருந்தால் அது ஒரிஜினலே. பெயரை மாற்றினால் போதும். கேலரி ஆப்பின் குப்பைத்தொட்டி கண்ணில் படாமல்போன பலருக்கு இந்த வழியில் கிடைத்திருக்கிறது.

அடுத்தது வாட்ஸ்அப். அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பியிருந்தால், ஃபோனிலேயே 'ஆண்ட்ராய்டு', 'மீடியா' என்று போய் வாட்ஸ்அப்பின் ஃபோல்டருக்குள் 'வாட்ஸ்அப் இமேஜஸ்', அதற்குள் 'சென்ட்' என்று ஓர் அடுக்கு உண்டு. அனுப்பிய நகல்கள் அங்கே கிடக்கும். கேலரியில் தெரியாது என்பதால் பலருக்கு இப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே தெரியாது. சுருக்கப்பட்ட படம்தான், நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சல். ஆனால் இனி சொல்லப்போகும் எந்தத் தம்ப்நெயிலையும்விட இது பல மடங்கு பெரிது.

இதற்கெல்லாம் பிறகுதான் தம்ப்நெயில் ஃபோல்டர். கேமரா படங்கள் இருக்கும் 'டிசிஐஎம்' ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் 'தம்ப்நெயில்ஸ்'. புதிய ஃபோன்களில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் ஒன்று. உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஜேபெக்குகள். ஐந்நூறு பிக்சல் சுமாருக்கு இருக்கும்; ஃபோன் திரையில் பார்க்கலாம், பெரிதாக்கினால் உடையும். பழைய ஆண்ட்ராய்டில் 'தம்ப்டேட்டா' என்ற பெயரில் ஒரே பெரிய ஃபைலும் இருக்கும். அதிலுள்ளவை 96 பிக்சல் முத்திரைகள், யார் படம் என்று அடையாளம் காண மட்டும் உதவும். சாம்சங் கேலரி தனக்கென்று தனிக் கேஷ் வைத்திருக்கிறது. ஃபோனை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, 'ஆண்ட்ராய்டு', 'டேட்டா' வழியாகக் கேலரியின் ஃபோல்டருக்குப் போய்ப் பாருங்கள். புதிய ஆண்ட்ராய்டுகளில் ஃபோனிலுள்ள ஃபைல் மேனேஜர் இந்த இடத்துக்குள் நுழைய முடியாது.

இங்கே ஒரு சிறு விஷயம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். உரிமையாளர் இல்லாத தம்ப்நெயில்களை ஆண்ட்ராய்டு கழிப்பது, ஃபோன் சார்ஜில் போடப்பட்டு யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் நேரத்தில். படம் போன அன்று இரவு வழக்கம்போல் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால், விடியும்போது ஃபோல்டர் சுத்தமாகியிருக்கலாம். நகல் எடுத்து முடித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

பிளே ஸ்டோரில் 'போட்டோ ரெகவரி' என்று தேடினால் டஜன் கணக்கில் ஆப்கள் வரும். 'டீப் ஸ்கேன்' என்று ஒரு வட்டம் சுற்றும். பன்னிரண்டாயிரம் படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்று காட்டும். ரூட் செய்யாத ஃபோனில் அந்த ஆப்பால் டிஸ்க்கைத் தொடவே முடியாது. அது காட்டுவது மேலே சொன்ன தம்ப்நெயில் ஃபோல்டரையும், இன்னும் ஃபோனிலேயே பத்திரமாக இருக்கும் உங்கள் படங்களையும்தான். மீட்டெடுக்க 499 ரூபாய் கட்டு என்று கேட்கும் அந்தத் திரையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு பென்டிரைவ் வாங்கலாம்.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'தம்ப்ஸ் டிபி' என்று ஒரு மறைந்த ஃபைல் இருந்தது. பழைய சிடியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ அது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விஸ்டா முதல் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. சி டிரைவில் 'யூசர்ஸ்', உங்கள் பெயர், 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'எக்ஸ்ப்ளோரர்' என்று போனால் 'தம்ப்கேஷ்' என்று தொடங்கும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். பெயரில் உள்ள எண்தான் உள்ளே இருக்கும் படங்களின் உச்ச அளவு: 96, 256, 768, 1280, 1920, 2560. பெரும்பாலானவர்களுக்கு 256-ல்தான் நிறைய இருக்கும். 1280-க்கு மேல் பல கம்ப்யூட்டரில் வெறும் கூடுதான்.

இதைத் திறக்க 'தம்ப்கேஷ் வியூவர்' என்ற இலவச மென்பொருள் போதும். நகலெடுத்த ஃபைலைத் திறந்து, வெற்றுப் பதிவுகளை மறைத்து, அளவுப்படி வரிசைப்படுத்துங்கள். ஃபைல் பெயர் இருக்காது. நீண்ட எண் ஒன்றுதான் இருக்கும். ஆகவே கண்ணால்தான் தேட வேண்டும், ஆயிரம் ஐகான்களுக்கும் பழைய ஃபார்வர்டு படங்களுக்கும் நடுவே. இதில் ஒரு நன்மை உண்டு: பென்டிரைவிலோ கேமரா கார்டிலோ இருந்து இந்தக் கம்ப்யூட்டரில் ஒருமுறை பெரிய ஐகானாகப் பார்த்த படமும், அந்தக் கார்டே தொலைந்தபிறகும் இங்கே இருக்கும். அந்தக் கார்டைச் செருகிப் பார்த்த நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். கேட்கத் தயங்க வேண்டாம்.

மேக்கில் போட்டோஸ் ஆப் பயன்படுத்துபவர்கள், போட்டோஸ் லைப்ரரியை ரைட் கிளிக் செய்து பேக்கேஜைத் திறந்து, 'ரிசோர்சஸ்' ஃபோல்டருக்குள் 'டெரிவேட்டிவ்ஸ்' என்பதைப் பாருங்கள். ஆயிரம் பிக்சல் சுமாருக்கு ஜேபெக்குகள் கிடைக்கும். நகலில் மட்டும் கை வையுங்கள்; அசலுக்குள் ஒரு ஃபைலை நகர்த்தினாலும் லைப்ரரி குழம்பும்.

ரா ஃபைலுக்குள் இருக்கும் ஜேபெக்

மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு, இலவச மீட்பு மென்பொருளான போட்டோரெக்கை ஓட்டியிருப்பீர்கள். அது 'ரெகப் டிர்' என்ற ஃபோல்டர்களில் எழுதித் தள்ளும். (அந்தக் கார்டிலேயே எழுதவிடாதீர்கள், வேறு டிரைவைக் காட்டுங்கள்.) ஃபைல்களின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும்; நடுவே 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் சின்ன ஜேபெக்குகளும் இருக்கும். பலர் அவற்றைக் குப்பை என்று மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். அவை படங்களுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த தம்ப்நெயில்கள். பெரிய படம் பாதியில் சாம்பல் நிறமாகி நின்றாலும், இந்தச் சின்னது முழுசாக இருக்கக்கூடும், ஏனென்றால் ஃபைலின் தலைப்பகுதியிலேயே அது இருக்கிறது. கேமராவில் எடுத்த ஜேபெக்கில் இது பொதுவாக 160-க்கு 120 பிக்சல்.

ரா ஃபைலானால் நிலைமை ரொம்ப நல்லது. கேமராவின் பின்திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்களே, அப்போது கேமரா காட்டுவது ராவுக்குள் வைத்திருக்கும் ஒரு ஜேபெக்கை. நிக்கானின் என்இஎஃப், கேனனின் சிஆர்2 போன்றவற்றில் அது முழு அளவிலேயே இருக்கும். சோனியின் பழைய ஏஆர்டபிள்யூ ஃபைல்களில் 1616-க்கு 1080. மீட்டெடுத்த ரா ஃபைல் லைட்ரூமில் திறக்க மறுத்தாலும், எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி அந்த ஜேபெக்கை உருவித் தரும். ராவின் சென்சார் தரவு சிதைந்திருந்தாலும் ஜேபெக் பகுதி தப்பியிருந்தால் போதும். ஆல்பத்துக்கு வேண்டிய முழு அளவுப் படம் கையில்.

கிடைத்ததை என்ன செய்வது

பிக்சலை எண்ணிவிட்டு வாடிக்கையாளரிடம் பேசுங்கள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு. 1800-க்கு 1200 இருந்தால் 4-க்கு 6 பிரின்ட் கச்சிதமாக வரும். 2048 பிக்சல் பிரிவியூ ஏழு அங்குலத்தைக்கூடத் தொடாது. 200-க்கு இறக்கினால் பத்து அங்குலம், ஆல்பத்தின் உள்பக்கத்தில் சின்னக் கட்டத்தில் வைக்கலாம். 256 பிக்சல் தம்ப்நெயில் பாஸ்போர்ட் சைஸுக்கும் பத்தாது. அதற்கு 413-க்கு 531 வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கணக்கு வேறு. தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 70 பிக்சல் போதும். மூன்றடி அகலக் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு ஸ்மார்ட் பிரிவியூ போதும்.

படம் சின்னதாகக் கிடைத்ததும் செயற்கை நுண்ணறிவு அப்ஸ்கேலரில் போடும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. இரண்டு மடங்கு வரை பரவாயில்லை. 256 பிக்சலில் இருக்கும் தாத்தாவின் முகத்தை எட்டு மடங்கு பெரிதாக்கினால், அந்த மென்பொருள் தான் பார்த்த வேறு லட்சம் முகங்களிலிருந்து ஒரு கண்ணையும் பல் வரிசையையும் செய்து ஒட்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீட்டில் யாராவது 'இது அப்பா மாதிரி இல்லையே' என்று சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது. ஃபிரேம் போட்டு மாட்டும் படத்துக்கு இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சின்னதாகவே அச்சடித்து, சுற்றிலும் அகலமான வெள்ளை மவுன்ட் வைத்து ஃபிரேம் செய்தால் கௌரவமாக இருக்கும்.

கடைசியாகத் தேதி. வெளியே எடுத்த பிரிவியூக்களில் படம் எடுத்த தேதி பெரும்பாலும் இருக்காது. அப்படியே கூகுள் போட்டோஸில் ஏற்றினால் 2016-ல் நடந்த கல்யாணம் இன்றைய தேதிக்குக் கீழே போய் உட்காரும். கேட்டலாக் இருந்தால் அதில் பழைய தேதியும் நேரமும் அப்படியே இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஜேபெக்கை ரைட் கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' போனால் 'டேட் டேக்கன்' என்ற வரியில் தேதியைப் போடலாம். பல ஃபைல்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தும் போடலாம். பெயரின் முடிவில் 'பிரிவியூ' என்று சேர்த்துச் சேமியுங்கள். நாலு வருடம் கழித்து ஒரிஜினல் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் எங்காவது கிடைத்தால், எதை வைத்துக்கொள்வது என்று அந்தச் சொல்லைப் பார்த்ததுமே தெரியும்.